கொடி ஏறிய பிறகு திறந்த வைன் பெட்டிகள்

நான் செய்த முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், ஊர்காவற்றுறையில் சாமான் அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் நான் கூட்டிய வைன் சந்தையை முதலில் சொல்வேன். என் வீட்டில் அந்தக் கதையை இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிக்கிறேன். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம். எனக்கு முப்பது வயது. வீடு புங்குடுதீவில், இறுப்பிட்டியில். வீடு என்றுதான் பெயர். அதில் நான் இருந்தது வருஷத்தில் ஐந்தாறு வாரம். மற்ற நாளெல்லாம் மலைநாட்டுப் பட்டினம் ஒன்றில் அத்தானுடைய கடையில் நின்றேன். கடையின் முன்பக்கத்தில் அரிசி, பருப்பு, யாழ்ப்பாணத்துச் சுருட்டு. பின்பக்கத்தில் தோட்டத்துத் துரைமாருக்கு வேண்டிய பிஸ்கட், சீஸ், பிராந்தி, வைன். பின்பக்கம் என்னுடைய பொறுப்பு. எந்தப் போத்தலை நிறுத்தி வைக்கலாம், எதைப் படுக்க வைக்கவேண்டும், எது எத்தனை மாதம் தாங்கும் என்றெல்லாம் பதினொரு வருஷத்தில் பழகிவிட்டேன். அடைப்பானை மணந்து பார்த்தே உள்ளே இருப்பது சுகமாக இருக்கிறதா, சீக்காக இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது, ஒளிப்பானேன்?

ஆனித் திருவிழாவுக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன். மகளுக்கு நாலு வயது. நான் வந்து இறங்கினால் வாசல் படலையடியில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு கிட்ட வந்து கேட்கிற முதல் கேள்வி, "எப்ப போவியள்?" அதில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இராது. வருகிற அப்பா போகிறவர் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். எந்த நாள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினாள். கிழமையைச் சொன்னால் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். எனக்கோ அன்றைக்குச் சோறு இறங்காது.

மனைவி வாயால் ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்கு என்னுடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கண் இருந்தது. தகரத்தில் செய்த, மூடினால் எறும்பும் நுழையாத நல்ல பெட்டி. அவள் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் பானையில் போட்டு வைக்கிற புழுக்கொடியலில் வருஷா வருஷம் பூச்சி விழும். "இப்பிடி ஒரு பெட்டி இருந்தா ஒடியல் மாரிக்கும் கிடக்கும்" என்று பெட்டியைத் தடவிக்கொண்டே சொல்வாள். பெட்டி எனக்கு வேண்டியிருந்தது. போகிறவனுக்குப் பெட்டி வேண்டும்.

ஒரு மாசிமாதம், கொழும்பிலே சீமை வைன் இறக்குமதி செய்கிற கொம்பனி ஒன்றின் மனேச்சர் எங்கள் கடைக்கு வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, கொழும்பிலே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். கதிரையில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர் ஊரா மாதிரிப் போத்தல் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சு என் இடுப்பே முறிஞ்சுபோச்சு. மாத்தறையில போனாலும் உங்க தீவு ஆள்தான் கடைக்காரர், பதுளையில போனாலும் உங்க தீவு ஆள்தான். இவங்க எல்லாரும் ஒரே இடத்துல கிடைக்க மாட்டாங்களா?"

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"ஏன் கிடைக்கமாட்டினம் ஐயா? ஆனி மாசம் நயினாதீவு அம்மன் கோயில் திருவிழா. எல்லா முதலாளிமாரும் தீவிலை நிப்பினம். ஊர்காவற்றுறையிலை ஒரு கிட்டங்கி எடுப்பம். நீங்கள் பெட்டியளை அனுப்பிவிடுங்கோ. ஆக்களைச் சேர்க்கிறது என்ரை பொறுப்பு."

மனேச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்கும் தீவுகளுக்கும் கொம்பனிக்கு ஏஜன்ட் இல்லை என்றும், கத்தோலிக்கருடைய வேதக்கோயில்களுக்குப் பூசை வைன், ஆஸ்பத்திரிகளுக்கும் பிள்ளைப்பேற்று வீடுகளுக்கும் போட் வைன் என்று நல்ல வியாபாரம் அங்கே சும்மா கிடக்கிறது என்றும் சொன்னார். "இந்தச் சந்தை நல்லா நடக்கட்டும். ஏஜன்ஸி உங்களுக்குத்தான். ஊர்காவற்றுறையிலேயே இருந்து நடத்தலாம்."

ஊர்காவற்றுறையில் இருந்தால் காலையில் வள்ளம் ஏறிப் போய் மாலையில் வீட்டுக்கு வரலாம். மகளுடைய கேள்விக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு முழுவதும் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தேன். அத்தான் எனக்குக் காய்ச்சலோ என்று கேட்டார்.

நாலு மாதமாகக் கடிதம் எழுதினேன். சீமைக் குடிவகை விற்க லைசென்ஸ் வைத்திருக்கிற எங்கள் தீவு முதலாளிமார் இருபது பேரும் வருகிறோம் என்று பதில் போட்டார்கள். ஒருவராவது, "தம்பி, நாளைக் கவனித்தீரோ?" என்று கேட்கவில்லை. சாமான் பார்க்கப் போகிறோம் என்றுதான் அவர்களும் நினைத்திருக்க வேண்டும். எங்களுக்குப் போத்தல் என்பது சுருட்டுக் கட்டும் மாப் பையும் போல ஒரு சாமான். அதற்கு ஒரு வாயும் தொண்டையும் வேண்டும் என்பது வியாபாரிகள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாபகப்படுத்தியது என் மனைவி. கொடியேற்றத்துக்கு முதல் நாள் அவள் மீன் சட்டிகளையெல்லாம் கழுவி, பின்வேலியோரம் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று என் கெட்டித்தனத்தை அளந்துகொண்டிருந்தேன்.

"எண்டைக்குச் சந்தை?"

"கொடி ஏறி அஞ்சாம் நாள்."

"ஆர் ஆர் வருகினம்?"

"இருபது முதலாளிமார்."

"வந்து?"

"வந்தோ? ஒவ்வொரு போத்தலா உடைச்சுக் குடிச்சுப் பாத்து ஓடர் குடுப்பினம்."

அவள் கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ, கொடி ஏறினாப் பிறகு எங்கடை ஆக்கள் வைன் குடிப்பினமோ?"

கொடி ஏறினால் தீர்த்தம் முடியும்வரை எங்கள் தீவுகளில் சைவர் வீடுகளில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, குடி இல்லை. மற்றப் பதினொரு மாதமும் கள்ளுத் தவறணை வாசலில் விழுந்து கிடக்கிறவன்கூட அந்தப் பதினைந்து நாளும் திருநீறும் சந்தனமுமாய்த் திரிவான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். முப்பது வருஷமாக நானும் விரதம் பிடித்தவன். அந்த நாளைப் பார்த்து நானே வைன் குடிக்க ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறேன்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தச் சந்தையோடு ஏஜன்ஸியும் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும்.

சந்தை நாளை மாற்றவும் வழியில்லை. வைன் பெட்டிகள் முந்தின நாளே ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்கிவிட்டன. மனேச்சரும் கொழும்பை விட்டுப் புறப்பட்டு, வழியில் உள்ள பட்டினங்களில் தங்கித் தங்கி வந்துகொண்டிருந்தார். தந்தி அடிப்பதென்றால் எந்த ஊருக்கு அடிப்பது?

அடுத்த நாள் கொடியேற்றத்தைக் கும்பிட்டுவிட்டு நேரே ஊர்காவற்றுறைக்குப் போனேன். பெட்டிகளை யாழ்ப்பாணத்திலிருந்து தன்னுடைய வத்தைத் தோணியில் ஏற்றி வந்தவர் அங்கே இருந்தார். பாய்வத்தை ஓட்டுகிறவரை நாங்கள் தண்டயல் என்போம். இந்தத் தண்டயல் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பல வருஷமாக என்னை ஏற்றி இறக்கிய மனிதர். கரையில் இருந்து பாய் தைத்துக்கொண்டிருந்தார். நான் என் கதையைச் சொல்லி, தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டேன்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "தம்பி, ஏறினது உங்கடை கொடியெல்லோ? எங்கடை கோயில் கொடி ஏற இன்னும் நாள் கிடக்கு."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன அதுக்கு? உங்கடை முதலாளிமார் வந்து நிக்கட்டும். ஆளுக்கு ஒரு வேதக்காரனைக் கூட்டிக்கொண்டு வரட்டும். நாங்கள் குடிச்சுச் சொல்லுறம். அவை கேட்டு எழுதட்டும்."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்தேன். ஊசி என் முதுகில் குத்தியது.

பிறகு நாலு நாள் நான் நடந்த நடை கொஞ்சமல்ல. முதலில் முதலாளிமார் வீடு. ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் தங்கள் மறதி விளங்கி, ஒவ்வொருவரும் என்னைத்தான் திட்டினார்கள். திட்டி முடிந்ததும் ஆளைத் தெரிந்தெடுப்பதில் இறங்கினார்கள். சும்மா யாரையாவது நம்பிவிடுவார்களா? ஒருவர் தன் வள்ளம் கட்டிய தச்சனாரைச் சொன்னார். இன்னொருவர், தன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த, சுருவில் ஊர் வேதக்காரரைத் தேடி ஆள் அனுப்பினார். மாத்தறைப் பக்கம் கடை வைத்திருந்த மூத்த முதலாளி, எல்லோரிலும் பெரிய ஓடர் கொடுக்கிறவர், வேதக்கோயிலில் மணி அடிக்கிறவரைப் பிடித்தார். "நான் தொடமாட்டன், மணக்கவும் மாட்டன். ஆனா வந்து நிப்பன்" என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

இருபது நாக்கும் சேர்ந்ததும் நான் இரண்டாவது முட்டாள்தனத்தைச் செய்தேன். அவர்களை ஒரு பூவரச மரத்தடியில் கூட்டி, கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அண்ணைமார், என்ரை பிழைப்பு உங்கடை வாயிலைதான் கிடக்கு. மனேச்சர் மனம் நோகக்கூடாது. எதைத் தந்தாலும் நல்லதெண்டு சொல்லுங்கோ."

"உதென்ன பெரிய காரியமே?" என்றார் தண்டயல். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பழக்கமும்தான். ஒருவர் வாசலில் போய் இருந்து, தந்ததைக் குடித்துவிட்டுச் சரியில்லை என்று சொல்கிற வழக்கம் தீவுகளில் சைவருக்கும் இல்லை, வேதக்காரருக்கும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை மனேச்சர் வந்து துறையில் இறங்கினார். அவருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தது. சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப, உங்க முதலாளிமார் இருபது பேர்ல ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க?"

"ஒருத்தரும் குடிக்கமாட்டினம் ஐயா. ஆனா இருபது பேர் குடிப்பினம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

கிட்டங்கியைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நீளமேசைக்கு வெள்ளைச் சீலை விரித்திருந்தேன். மேசையில் பன்னிரண்டு வகை வைன். போட், ஷெரி, மடேரா, பிரான்சிலிருந்து வந்த சிவப்பு, ஜேர்மனியிலிருந்து வந்த வெள்ளை. காலுயர்ந்த கண்ணாடிக் கிளாசுகள். மேசைக்கு ஒரு பக்கத்தில் நாக்குக்காரர் இருபது பேர், இடுப்பில் தோய்த்த சாரமும் கழுத்தில் மாதா சுருவமுமாய். அவர்களுக்கு ஒரு முழம் பின்னால், நெற்றி நிறையத் திருநீறும் தோளில் சால்வையுமாய் முதலாளிமார் இருபது பேர், கையை முதுகில் கட்டிக்கொண்டு.

மனேச்சர் முதல் வைனை ஊற்றி, எப்படிச் சுவைப்பது என்று செய்து காட்டினார். கிளாசைச் சுழற்றினார், மணந்தார், ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்தார், பக்கத்தில் இருந்த வெற்றிலைப் படிக்கத்தில் துப்பினார். இருபது பேரும் அதிர்ந்து போனார்கள்.

"தந்ததைத் துப்புறதோ?" என்றார் தண்டயல் மெதுவாக.

அவர்கள் துப்பவில்லை. அதோடு, பொதுக் கிளாசில் எச்சில் படக்கூடாது என்று இருபது பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து, கிளாசை உயர்த்தி, வாய்க்குள் வார்த்தார்கள். செம்பில் தண்ணீர் குடித்துப் பழகிய கைகள். ஒரு துளி சிந்தவில்லை. மனேச்சர் படிக்கத்தைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி?"

"நல்லது," என்றார்கள் இருபது பேரும்.

இரண்டாவது போத்தலும் நல்லது. மூன்றாவது மெத்த நல்லது. நாலாவதைக் குடித்த மணி அடிக்கிறவர் உற்சாகத்தில், "இது எங்கடை பூசை வைனிலும் திறம்" என்று சொல்லிவிட்டார். பூசை வைன் பாதிரியாருக்கு மட்டும் உரியது.

"உமக்கு அது எப்பிடித் தெரியும்?" என்று தச்சனார் கேட்டார். மணி அடிக்கிறவர் மேலே கூரை வளையைப் பார்த்தார். திருநீறு பூசிய இருபது பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மனேச்சருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. ஏஜன்ஸி என் மடியில் வந்து விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். மகளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்.

ஒன்பதாவது போத்தல் பிரான்சுச் சிவப்பு. கொம்பனியின் பெருமை அதுதான் என்று மனேச்சர் நீளமாகப் பேசினார். மற்ற வைன்கள் ஒவ்வொரு பெட்டி வந்திருந்தன. அது மட்டும் பதினைந்து பெட்டி. நாக்குக்காரர் அண்ணாந்து வார்த்தார்கள். தண்டயலின் ஒரு கண் மூடியது. தச்சனார் மேசையைப் பிடித்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்து, "நல்லது" என்றார்கள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மனேச்சர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் கிடந்த அடைப்பானைப் பார்த்தேன். அது காய்ந்து, விளிம்பு உதிர்ந்து கிடந்தது. படுத்துக் கிடந்த போத்தலின் அடைப்பான் ஈரமாக ஊறியிருக்கும். இது கொழும்புக் கிட்டங்கியில் வருஷக்கணக்கில் நின்ற போத்தல். எடுத்து மணந்தேன். கொடி ஏறியிருக்கும்போது மணக்கலாமா என்று நினைக்கவே இல்லை, பழக்கதோஷம். விநாகிரியின் புளித்த மணம் மூக்கில் ஏறியது.

மூத்த முதலாளி ஓடர்ப் புத்தகத்தைத் திறந்தார். "இதிலை கனக்க எடுக்கலாம் போலை கிடக்கு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் போத்தலோடை கிடந்து பழகின பிள்ளை. நீர் சொல்லும். இது நல்லதோ?"

அவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டார். மனேச்சரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கியது. அவருக்கு முன்னமே தெரியும். வடக்கில் யாருக்கு ருசி தெரியப் போகிறது என்று தள்ளிவிட வந்த சாமான் அது. ஓம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் நான் வீட்டில் இருப்பேன். என் மகள் படலையில் நிற்பது அந்த நேரம் கண்ணுக்கு முன்னால் வந்தது, பொய் சொல்லவில்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அடைப்பான் கையில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அதில் பொய் சொல்ல நாக்கு வளைய மறுத்தது.

"இல்லை ஐயா. இது நிண்ட போத்தல். புளிச்சுப்போச்சு. ஒரு பெட்டியும் எடாதேங்கோ."

"அப்பாடா!" என்றார் தண்டயல். "மூண்டு நாள் கிடந்த கள்ளிலும் கேடு!"

"கறையானுக்கு ஊத்தலாம்," என்றார் தச்சனார். இருபது பேருக்கும் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது. நான் பூவரசடியில் கும்பிட்ட கதை முழுவதும் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தது. மூத்த முதலாளி ஓடர்ப் புத்தகத்தை மூடினார்.

"அப்ப முதல் எட்டும்?"

தண்டயல் தலையைச் சொறிந்தார்.

"திரும்பக் குடியுங்கோ," என்றார் மூத்த முதலாளி. "முதலிலையிருந்து. இந்தமுறை உண்மையைச் சொல்லுங்கோ."

இருபது நாக்குக்காரரும் இந்தத் தண்டனையை மிகுந்த பணிவோடு ஏற்றுக்கொண்டார்கள். உண்மையான சந்தை அதற்குப் பிறகுதான் நடந்தது. ஷெரி, மழையில் நனைந்த விறகு மணக்குது என்றார் ஒருவர். ஜேர்மன் வெள்ளை, விளாம்பழம் சீனி காணாமல் கிடக்கிற மாதிரி என்றார் இன்னொருவர். மடேராவைக் குடித்த தச்சனார் கண்ணை மூடி, "பனங்கட்டி காய்ச்சுற தாச்சியிலை அடியிலை பிடிக்குமே, அது" என்றார். அதைக் கேட்டு நாக்கு ஊறி இரண்டு முதலாளிமார் எச்சில் விழுங்குவதைக் கண்டேன். போட் வைன் திறம் என்பதில் இருபது பேருக்கும் ஒரே பேச்சு. சண்டை பிடிக்க ஒருவருமில்லை. முதலாளிமார் எழுதித் தள்ளினார்கள். நல்லது பொல்லாதது இரண்டும் கேட்டபிறகு அவர்கள் கைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிரான்சுச் சிவப்பை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

மனேச்சர் மூலையில் ஒரு கதிரையில் இருந்தார். முடிந்ததும் ஓடர்த் தாள்களைப் பைக்குள் வைத்தார், தொப்பியைப் போட்டார், "வாறேன்" என்று சொல்லிவிட்டுத் துறைக்கு நடந்தார். ஏஜன்ஸி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருந்தது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் பாராட்டுவாள் என்று எனக்குள்ளே ஒரு ஆசை இருந்தது.

"உங்களுக்கு ஒருக்கா ஓம் எண்டு சொல்ல ஏலாமல் போச்சோ?" என்றாள். "அவை ஆரோ குடிக்கிற வைன். புளிச்சா உங்களுக்கென்ன, இனிச்சா உங்களுக்கென்ன? நான் என்னத்துக்கு அம்மனுக்கு நேர்ந்தனான்?" குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுதது கேட்டது. கதவுக்கு வெளியே குந்திக்கொண்டு நானும் அழுதேன். அவள் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றும் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்து பத்து நாள் வெந்தேன்.

தீர்த்தம் முடிந்து கொடி இறங்கியது. ஊருக்கு வந்த ஆம்பிளைகள் திரும்புகிற நாள். மனைவி என் டிரங்குப் பெட்டியை அடுக்கினாள். வேட்டி, சேட், மிளகாய்த்தூள், பனங்கட்டிக் குட்டான். ஒரு பொதி புழுக்கொடியலும் வைத்தாள். மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

எங்களை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிப் போக வந்தது அதே தண்டயலின் வத்தை. கரை முழுவதும் பெண்களும் பிள்ளைகளும். என் பெட்டியை ஏற்றியாயிற்று. நானும் தண்ணீருக்குள் இறங்கி, ஒரு காலைத் தூக்கி வத்தையில் வைத்தேன்.

"பொறும் தம்பி," என்றார் தண்டயல். மடியை அவிழ்த்து ஒரு கடிதத்தை எடுத்தார். "நேற்று ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரிலை தந்தவை. உமக்கு. சுக்கான் பிடிக்கிற அவதியிலை மறந்துபோனன்."

கொம்பனிக் கடிதம். இங்கிலீசில் அடித்திருந்தது. தண்ணீருக்குள் நின்றபடியே படித்தேன். ஓடர்கள் திருப்தி. ஏஜன்ஸி ஒரு வருஷத்துக்கு, பரீட்சை பார்க்க. கீழே மனேச்சர் தன் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார். அந்தச் சிவப்பு வைனைக் கடலில் கொட்டிவிடும்படி ஒன்று. அடுத்த சந்தையைக் கொடி ஏறுவதற்கு முதல் வைக்கும்படி ஒன்று.

தண்டயல் என் முகத்தைப் பார்த்தார். என் பெட்டியைத் தூக்கி என் தோளில் வைத்தார்.

வத்தை பாய் விரித்துப் போயிற்று. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக நான் கரையில் நின்று, போகிறவர்களுக்குக் கை காட்டினேன். மனைவி என் பக்கத்தில் நின்றாள். கடிதத்தில் என்ன இருக்கிறதென்று சொன்னேன். அவள் சேலை நுனியால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஊரார் முன்னால் அப்படிச் செய்கிறவளல்ல.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினேன். மகள் முன்னால் வந்து நின்றாள். "எப்ப போவியள்?"

"இனிப் போகேல்லை அம்மா."

அவள் நம்பவில்லை. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை நான் சொல்வதிலும் பெட்டி சொல்வதுதான் உண்மை.

மனைவி வந்து பெட்டியைத் திறந்தாள். வேட்டி, சேட், குட்டான் எல்லாவற்றையும் அள்ளிப் பாயில் போட்டாள். சீலைத் துணியால் உள்ளே துடைத்தாள். குசினிக்குள் போய், ஒடியல் பானையைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து, பெட்டிக்குள் கவிழ்த்தாள். புழுக்கொடியல் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. விளிம்புவரை நிரம்பியதும் மூடி, கொளுக்கியைப் போட்டாள்.

மகள் அந்த மூடியின் மேல் ஏறிக் குந்தினாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்டதில்லை.